தங்கூசி நரம்பு தந்த பெரியவருக்கு

அன்புடையீர்,

வெள்ளத்துக்கு நடுவே நாங்கள் பின்னிய 11 குழந்தைப் போர்வைகளும் நேற்றுப் பிரசவ வார்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அந்த வாரம் கடலூரிலும் புதுச்சேரியிலும் என்ன ஆனது என்று இங்கே எழுத வேண்டியதில்லை. படிக்கிற பலர் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் காயவில்லை.

நாங்கள் தங்க மண்டபத்தைத் திறந்துவிட்டவர்கள், மூன்று வேளையும் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர்கள், முட்டியளவுத் தண்ணீரில் நூல் மூட்டையைத் தலையில் வைத்துக் கொண்டுவந்த பிள்ளைகள், எல்லாருக்கும் நன்றி. 2020-இல் மூடிய புதுச்சேரி ஏ.எஃப்.டி. துணி மில்லில், ஊர் வழக்கில் ரோடியர் மில்லில், முன்பு வேலை பார்த்த அண்ணனுக்கும். நனைந்த நூல் உருண்டை வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரமாகவே கிடந்து பூஞ்சை பிடிக்கும். அவர்தான் உருண்டைகளை நாற்காலி முதுகில் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாக, சுற்றி, சிக்காமலிருக்க நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, அலசி நிழலில் போடவைத்தார்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக ஒருவருக்கு. தேவனாம்பட்டினத்து மீனவப் பெரியவர், மண்டபத்து மூலையில் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். பேர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மூட்டையைப் பிரித்த அவசரத்தில் ஒரு போர்வையிலிருந்து ஊசி உருவிக்கொண்டது. இரு முனையையும் வளையும் கம்பி இணைக்கும் 4 மி.மீ. சர்க்குலர் ஊசி, 150 கண்ணி, 180 வரிசை முடிந்த வேலை. பின்னத் தெரிந்தவர்களுக்குக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். கம்பளி நூல் என்றால் இழைக்கு இழை பற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் தாங்கும். நம் ஊர் வெக்கைக்குப் பருத்தி நூல்தான் சரி, அதற்கு அந்தப் பிடிமானம் கிடையாது. ஒரு இழுப்பு போதும், கண்ணி ஏணிப்படி மாதிரி இறங்கிக்கொண்டே போகும்.

பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு முடிச்சுகூடவா இல்ல இதுல?” என்றார். வலையில் கண்ணுக்குக் கண் முடிச்சு. ஒன்று அறுந்தால் அத்தோடு நிற்கும். பின்னலில் சுருக்குக்குள் சுருக்காக ஒரே நூல் ஓடுகிறது. இதை நாங்கள் விளக்குவதற்குள் அவருக்கே பிடிபட்டுவிட்டது. “யாரும் கை வைக்காதீங்கம்மா” என்று சொல்லி, பையிலிருந்து மெல்லிய தங்கூசி நரம்பை, மீன்பிடிக்கும் நைலான் இழையை, எடுத்து எங்கள் மொண்ணைத் தையல் ஊசியில் கோத்தார். நூலின் புரி பிளக்காமல், ஒவ்வொரு கண்ணியாக நரம்பில் ஏற்றினார். செல்போன் டார்ச் வெளிச்சத்தில் கண்ணைவிட விரல்நுனியைத்தான் அதிகம் நம்பினார். முக்கால் மணி நேரம் அவர் வலை அப்படியே கிடந்தது.

147 தப்பின. 3 இறங்கிவிட்டன.

இப்படி ஒரு வரிசைக் கண்ணிகளுக்குள் கோத்து வைக்கும் இழையைப் பின்னுகிறவர்கள் லைஃப்லைன் என்போம். தெரிந்தும் போடாமல் விட்டது எங்கள் சோம்பல். போடும்போதும் கையில் கிடைத்த மிச்ச நூலைத்தான் கோப்பது வழக்கம். அதன் பிசிறு ஒட்டும், ஈரம் பட்டால் சாயம் இறங்கும். நரம்பில் இரண்டு தொல்லையும் இல்லை. கண்ணிகளை ஊசிக்கு மாற்றியபின் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது.

இறங்கியவற்றைக் கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியால் ஏற்ற வேண்டும். எல்லா வரிசையும் ‘நிட்’ என்ற ஒரே வகைக் கண்ணி போடும் கார்ட்டர் பின்னலில் கொக்கியை ஒரு படிக்கு முன்பக்கம், அடுத்த படிக்குப் பின்பக்கம் என்று மாற்றி மாற்றி நுழைக்க வேண்டும். இரண்டு ஒழுங்காக ஏறின. 9 வரிசை இறங்கிய மூன்றாவது, முழுக்க முன்பக்கமாகவே ஏறிவிட்டது. மேடும் பள்ளமுமான பின்னலுக்கு நடுவே சடை போட்ட மாதிரி வழவழவென்று ஒரு கோடு, இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். பகல் வெளிச்சத்தில் கண்ணில் பட்டபோது அதற்கு மேல் 30 வரிசை ஏறியிருந்தது. பிரிக்கலாமா என்று பேச்சு நடக்கையில் பெரியவர் கேட்டார்: “இதுல மீனா தப்பிக்கப் போவுது?”

கோடு அப்படியே போயிருக்கிறது.

மற்றப் போர்வைகளையும் அந்தக் கேள்வியை வைத்தே பார்த்தோம். நூல் மாற்றிய இடத்தில் நடுவில் முடிச்சு போட்டிருந்தால் அது ஆகாது, துவைக்கத் துவைக்க அவிழும். பிரித்து, 15 செ.மீ. வால் விட்டு, ஒருமுறை இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் என்று பின்னலுக்குள் இழைத்தோம். குழந்தையின் விரல் நுழையும் ஓட்டை எதுவானாலும் அடைத்தோம். ஒன்றில் 150 கண்ணி 153 ஆகியிருந்தது. வரிசை தொடக்கத்தில் நூல் ஊசிக்கு மேலாகப் போனால் முதல் கண்ணி இரண்டாகத் தெரியும், இரண்டையும் பின்னிவிடுவோம், அதுதான் காரணம். இரண்டிரண்டாகச் சேர்த்துப் பின்னி எண்ணிக்கையைச் சரிசெய்தோம், ஓரம் மட்டும் கொஞ்சம் விரிந்தே நிற்கிறது. ஒரே தடவையில் சாயம் போட்ட நூல் தீர்ந்து வேறு லாட் சேர்ந்ததால் வெள்ளையில் இரண்டு வெள்ளை தெரிகிறது. தொடக்க வரிசை இறுகி அடியோரம் சுருங்கிய ஒன்றும் உண்டு. அந்த வரிசைக்கு மட்டும் 5 மி.மீ. ஊசி எடுத்திருக்க வேண்டும். இவை எதிலும் மீன் தப்பாது.

போர்வை வாங்கிய தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 75 செ.மீ. சதுரம், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நனைந்தால் நன்றாகக் கனக்கும். கொடியில் தொங்கவிட்டால் நீண்டு தொய்ந்துவிடும். பாயில் விரித்து நிழலில் காயவையுங்கள். மடியில் வைத்துக்கொள்ள, விழித்திருக்கும்போது போர்த்தத்தான் இது. தூங்கும் பிள்ளைமேல் போட்டுவிட்டு நகர வேண்டாம், முகத்தில் ஏறிவிடும்.

இனி 20 வரிசைக்கு ஒருமுறை நரம்பு கோக்காமல் எங்களில் யாரும் மேலே பின்னுவதில்லை. கொடுக்கும் முன் எத்தனை கோத்தோமோ அத்தனையும் எண்ணி உருவிவிடுகிறோம். ஒன்று மறந்தாலும் பிஞ்சு விரலில் சுற்றி இறுக்கிவிடும்.

பெரியவரே, உங்கள் நரம்புச் சுருள் பாதி எங்களிடமே தங்கிவிட்டது. பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறோம். திருப்பித் தருவதாக இல்லை, புதுச் சுருள் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். கடல் அடங்கி நீங்கள் தொழிலுக்குப் போகும் முன் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
போர்வை பின்னியவர்கள்,
கடலூர்