மராகைபோ ஏரிக்கரை மக்களுக்கு நன்றி

அப்பாவின் மரபணுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது, மூளை நரம்புகளை மெல்ல அழிக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோய்தான். விசாரித்தவர்களுக்கும் மருத்துவமனைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டவர்களுக்கும் முதலில் நன்றி. அவர் கை கால் தானாக ஆடுவதையும் நடை தள்ளாடுவதையும் பார்த்து ஊரில் குடிகாரர் என்றார்கள், ஒரு மருத்துவமனையில்கூட "எவ்வளவு குடிப்பார்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாத்தாவுக்கும் இப்படி இருந்ததா என்று கேட்ட நரம்பியல் டாக்டருக்கும், இத்தனை வருடம் மூடி வைத்திருந்த கதையை அவரிடம் மறைக்காமல் சொன்ன அத்தைக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் எனக்குப் பெரிய நன்றி வெனிசுவேலாவில் இருக்கிறது. மராகைபோ ஏரியை ஒட்டிய ஏழை மீனவக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இந்த நோய் உண்டு. அமெரிகோ நெக்ரெத்தே என்ற டாக்டர் அங்கே வேலைக்குப் போனபோது அவரும் அவர்களைக் குடித்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாராம்! 1950களில் அவரே இது ஹண்டிங்டன் என்று எழுதினார். 1979 முதல் அமெரிக்க ஆய்வாளர் நான்சி வெக்ஸ்லரின் குழு வருடாவருடம் அங்கே போனது. இந்த நோயால் தாயை இழந்தவர் அவர். ஊசிக்குப் பயந்தவர்களிடம், தானும் ஆய்வுக்குத் தோல் துணுக்கு கொடுத்திருந்த தழும்பைக் கையில் காட்டியிருக்கிறார், அதற்கப்புறம்தான் இவரும் நம்மைப் போலத்தான் என்று நம்பினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ரத்தம் கொடுத்தார்கள், குழு தயாரித்த வம்சாவளிப் பட்டியலில் 18,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். 1983இல் விஞ்ஞானி ஜேம்ஸ் குசெல்லாவின் குழு, அந்த ரத்தத்தின் உதவியோடு, நோய்க்குக் காரணம் 4ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று கண்டது. மரபணுவைப் பிடிக்க மேலும் பத்து வருடம் ஆனது, 1993. அதில் சி-ஏ-ஜி என்ற மூன்று டி.என்.ஏ எழுத்துகள் சேர்ந்து திரும்பத் திரும்ப வருகிறது, 40 தடவையோ அதற்கு மேலோ வந்தால் ஆயுள் இருந்தால் நோய் வந்தே தீரும். அப்பாவின் ரிப்போர்ட்டில் இருப்பதும் அந்த எண்ணிக்கைதான். அந்த ரத்தம் இல்லாமல் இந்தச் சோதனை இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது, ஆனால் கொடுத்தவர்களின் வறுமை தீரவில்லை, இது எனக்கு நியாயமாகவே படவில்லை.

நோயை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை, ஆட்டத்தைக் குறைக்க மாத்திரை கொடுக்கிறார்கள். எனக்கும் தங்கைக்கும் வர ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சோதனை எடுப்பதா வேண்டாமா என்று அவசரப்படுத்தாமல் உட்கார்ந்து பேசிய மரபியல் ஆலோசகருக்கு நன்றி. நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. "எடுத்தாச்சா?" என்று கேட்காமல் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் சேர்த்தே நன்றி, தயவுசெய்து அப்படியே இருங்கள்.