குப்புறப் படுக்க வைத்த தங்கச்சிக்கும் மற்றவர்களுக்கும்

கொரோனா வார்டிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். குளியலறை வரை நடந்தால் இளைக்கிறது, நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் இருமல் வருகிறது. மற்றபடி நலம். ஊரடங்கு முடிந்ததும் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், மனசு பொறுக்கவில்லை. இந்த 2021 மே மாதம் மதுரை எப்படி இருந்தது என்று இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் கட்டில் கிடைத்த கதை, ஸ்கேன் கதை எல்லாம் இங்கே கிடையாது.

மொத்தமாகச் சிலருக்கு முதலில். மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் அலைந்த என் மைத்துனனுக்கு. என்னை ஏற்றிய 108 ஊழியர்களுக்கு. வாசலில் கேரியரை வைத்துவிட்டு மணியடித்து ஓடிய பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு. ரத்தச் சர்க்கரையை நேரம் தவறாமல் குத்திப் பார்த்த சிஸ்டர்களுக்கு. கல்யாணம் தள்ளிப்போன பிறகும் என் அச்சகத்தில் பத்திரிகைக்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்காத வாடிக்கையாளர்களுக்கு. உங்கள் எல்லாருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதுவேன். இன்றைக்கு இருக்கிற மூச்சில் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அவர் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. பெரியாஸ்பத்திரியில் வார்டைக் கூட்டித் துடைத்து, பெட்பேன் எடுத்து, குப்பையைக் கட்டிக் கொண்டுபோகும் ஒப்பந்தப் பணியாளர். தலை முதல் கால் வரை கவச உடை. முகம் எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குரல் தெரியும்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் "குப்புறப் படுங்க சார், அப்பத்தான் ஆக்சிஜன் ஏறும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன், அவருக்காகக் காத்திருந்த கட்டில்களை நானும் பார்த்தேன். ஆனால் என் தொப்பை ஊரறிந்தது. கவிழ்ந்தால் வயிறு முட்டியது. முகமூடி நழுவினால் மூச்சு போய்விடும் என்ற பயம் வேறு. மல்லாந்தே கிடந்தேன்.

ராத்திரி ஷிப்டில் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் என் கட்டிலருகே நின்றார்.

"என்னண்ணே, கவுந்து படுக்கச் சொன்னாகள்ல?"

"முடியலம்மா. வயிறு இடிக்குது."

"இருங்க வாரேன்."

மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனவர் துவைத்து மடித்த படுக்கை விரிப்புகளோடு வந்தார். ஒவ்வொன்றையும் இறுகச் சுருட்டினார். ஒன்று நெஞ்சுக்கு, ஒன்று இடுப்புக்கு, ஒன்று முழங்காலுக்குக் கீழே. நடுவில் வயிறு தொங்குவதற்கு இடம் விட்டிருந்தார்! எந்தப் பொறியாளர் வந்து அளந்தாலும் அதைவிடச் சரியாக வைத்திருக்க முடியாது. நான் இன்னும் தயங்கிக்கொண்டிருந்தேன்.

"புள்ள மொதமொத குப்புற விழுந்தா வீட்டுல பலகாரம் சுடுவாகள்ல? நீங்க விழுங்கண்ணே, பணியாரத்துக்கு நானாச்சு."

சிரித்ததில் இருமல் வந்தது. இருமல் அடங்கும்வரை நின்று, ஒரு கையால் முகமூடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தோளைத் தள்ளித் திருப்பினார். முகத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, குழாய் மடங்காமல் இழுத்துவிட்டார். கவிழ்ந்து கிடப்பவனால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட தன் விரலில் மாட்டியிருக்கும் ஆக்ஸிமீட்டரைப் பார்க்க முடியாது. அவரே குனிந்து பார்த்துச் சொன்னார். எண்பத்தாறு என்றார். கொஞ்ச நேரம் அங்குமிங்கும் துடைத்துவிட்டு வந்து எண்பத்தெட்டு என்றார். வார்டை ஒரு சுற்று முடித்து வந்தபோது தொண்ணூற்றிரண்டு. "பாத்தியளா" என்று சொல்லிவிட்டு மாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆக்ஸிமீட்டர் பார்ப்பது அவர் வேலையே இல்லை. எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டதற்கு, "போன வருசமே பாத்துப் பழகுனதுதாண்ணே" என்றார்.

அந்த எண் எப்படி ஏறியது என்ற கேள்வி என்னை விடவில்லை. வீட்டுக்கு அனுப்பிய நாளன்று பணியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர் நின்று நிதானமாக விளக்கினார். அவருக்கும் தனியாக ஒரு நன்றி. நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம்தான் இருக்கிறதாம். மல்லாந்து படுத்தால் இதயத்தின் கனம் அதன்மேல் இறங்குகிறது, வயிறு உதரவிதானத்தை, அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசையை, மேலே தள்ளுகிறது. நோயால் ஏற்கெனவே நீர் கோத்திருக்கும் காற்றறைகள் அந்த அழுத்தத்தில் சுருங்கி மூடிக்கொள்கின்றன. ரத்தம் அங்கே போகத்தான் செய்கிறது, ஆனால் காற்று இல்லாததால் ஆக்சிஜன் ஏறாமலே திரும்புகிறது. கவிழ்ந்து படுத்ததும் கனம் விலகி, மூடிக் கிடந்த அறைகள் திறக்கின்றன. கொரோனாவுக்காகப் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. வென்டிலேட்டரில் கடுமையான நுரையீரல் பாதிப்போடு இருந்த 466 பேரை வைத்துப் பிரான்சிலும் ஸ்பெயினிலும் செய்த ஆய்வு 2013-இல் வெளியானது. தினமும் நீண்ட நேரம் குப்புறப் படுக்க வைக்கப்பட்டவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 16 சதவீதம். மல்லாந்தே இருந்தவர்களில் கிட்டத்தட்ட 33 சதவீதம். என்னைப் போல விழித்திருப்பவர்களுக்கும் அதே அளவு பலன் என்று நினைத்துவிடக் கூடாது என்றும் அவரே சொன்னார். வைரஸை இது ஒன்றும் செய்யாது. உடம்பு தேறி வரும்வரை தாக்குப்பிடிக்க உதவும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொன்னார். எண்பத்தாறில் இருந்துகொண்டே நான் போனில் கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். மூச்சு முட்டவே இல்லை. நமக்கு மூச்சு முட்டுகிறது என்று மூளைக்குச் சொல்வது பெரும்பாலும் ரத்தத்தில் சேரும் கரியமில வாயுதானாம். இந்த நோயில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருக்கும்போதும் பலருக்குக் கரியமில வாயு வெளியேறிக்கொண்டிருப்பதால் ஆபத்து உறைப்பதில்லை.

ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு ஊசி கிடைக்கவில்லையே என்று மைத்துனன் அழுததைச் சொன்னேன். என்னைத் தூக்கி நிறுத்தியதில் பெரிய பங்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்துக்கு இருக்கும் என்றார். பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வின் முடிவு 2020 ஜூனில் வந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவில் மூன்றில் ஒரு பங்கையும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்கையும் இந்த மருந்து குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை. முதல் வாரம் வைரஸ் பெருகும் காலம். அடுத்த வாரம் பலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அளவு மீறி நுரையீரலைப் புண்ணாக்குகிறது. அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் ஸ்டீராய்டு. முன்கூட்டியே போட்டால் எதிர்ப்புச் சக்தியைத்தான் கட்டிப்போடும், சர்க்கரையையும் ஏற்றிவிடும். வாட்ஸ்அப்பில் வரும் மருந்துப் பட்டியலைப் பார்த்துக் காய்ச்சல் வந்த அன்றே அதை விழுங்குகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். சில ரூபாய் மாத்திரை, அறுபது வருஷத்துக்கு மேலாகக் கடையில் இருப்பது. ரெம்டெசிவிருக்குப் பிளாக்கில் பல ஆயிரம் கொடுக்க நகையை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

தங்கச்சிக்கு வருகிறேன். எனக்கு அடுத்த கட்டிலில் இருந்த பெரியவருக்கும் அவர் அதே மாதிரி சுருட்டிக் கொடுத்தார், அதே மாதிரி எண்ணைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பெரியவர் வீடு திரும்பவில்லை. அன்றைக்குக் காலையிலும் இவர்தான் வந்து அந்தக் கட்டிலைத் துடைத்தார். துடைத்து முடித்து நேராக என்னிடம் வந்து, "அண்ணே, ரெண்டு மணி நேரமாச்சு, அந்தப் பக்கம் திரும்புங்க" என்றார். நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. திரும்பினேன்.

முன்களப் பணியாளர்கள் என்று மேடையில் சொல்கிறோம். ஊக்கத்தொகை அறிவிப்புகளும் வருகின்றன. ஒப்பந்தக்காரர் வழியாகச் சம்பளம் வாங்குகிற இவரைப் போன்றவர்கள் கைக்கும் அது முழுசாகப் போய்ச் சேர வேண்டும். வேலையும் நிரந்தரமாக வேண்டும். நன்றி மடலில் கோரிக்கை எதற்கு என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும்.

எனக்குத் தெரிந்தது அச்சுத் தொழில். கடை திறந்ததும் முதல் வேலையாக, குப்புறப் படுக்கும் முறையைப் படத்தோடு ஒரே தாளில் அடிக்கப் போகிறேன். விரிப்பையோ தலையணையையோ எங்கெங்கே வைப்பது, குப்புற, வலப்பக்கம், சாய்ந்து உட்கார்ந்து, இடப்பக்கம் என்று அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் எப்படி மாற்றிக்கொள்வது எல்லாம் அதில் இருக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் கூடாது. கர்ப்பிணிகள், இதய நோய் கடுமையாக உள்ளவர்கள், காலில் ரத்தம் உறைந்தவர்கள், முதுகெலும்பில் அடிபட்டவர்கள் தாங்களாகச் செய்யவே கூடாது. ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனால் படுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், படுத்தால் சரியாகிவிடும் என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. இந்த வரியைப் பெரிய எழுத்தில் போடுவேன். அச்சுக்குப் போகுமுன் அந்த மருத்துவரிடம் காட்டித் திருத்திக்கொள்வேன்.

காசு வேண்டாம். வார்டுக்கு, தெருவுக்கு, சங்கத்துக்கு என்று எத்தனை தாள் தேவையோ சொல்லுங்கள். படம் வரையத் தெரிந்த பிள்ளைகள் யாராவது இருந்தால் உடனே வேண்டும். என் கைக்குக் கோடு நேராக வராது.