மாதுங்காவிலிருந்து

மாதுங்கா, மும்பை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு வரன் அமைந்ததைப் பற்றி நாலே வரி, கண் அழுத்தத்துக்கான சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு நந்தியாவட்டைப் பூச்சாற்றைக் கண்ணில் விடலாமா என்று இரண்டு பக்கம்! நல்ல தாத்தா நீ.

இங்கே மழை விட்டபாடில்லை. எங்கள் கட்டடத்தில் வீட்டுக்கு வீடு கண்வலி. கீழ்வீட்டு மாமி ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடையில் நந்தியாவட்டை வாங்கிவந்து கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. என் பேரன் கண்ணில் எதுவுமே போடவில்லை. அவனுக்கும் அதே ஒரு வாரம்தான். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது, தானே அடங்கிவிடும். பூவுக்குக் கண் மருந்து என்ற பேர் கிடைத்தது இப்படித்தான் என்பது என் கணிப்பு.

உன் கிளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய், அந்த ரகமில்லை. வலி தெரியாமல் பார்வை நரம்பு தேய்ந்துகொண்டே வரும், போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்தை நிறுத்திச் சாற்றை விட்டால், கண்ணீர் வடிவதைப் பார்த்து அழுத்தம் குறைவதாக நினைத்துக்கொள்வாய். அதுபாட்டுக்கு ஏறும். பச்சைச் சாற்றில் கிருமியோ பூஞ்சையோ இருந்தால் கருவிழி புண்ணாகித் தழும்பு விழுந்துவிடும்.

மூலிகை என்றால் எனக்கு இளக்காரம் என்று நினைக்காதே. 1870களில் கிளாக்கோமாவுக்கு வந்த பைலோகார்பின், பிரேசிலின் ஜபோராண்டி இலையிலிருந்து எடுத்ததுதான். கண்பாவையைச் சுருக்கும், உள்ளே சுரக்கும் நீர் வடிய வழிவிடும். ஆனால் இலையைக் கசக்கிப் பிழியவில்லை. வேலை செய்யும் பொருளை மட்டும் பிரித்து, அளவு கண்டு கொடுத்தார்கள். நந்தியாவட்டைக்கு அப்படி யார் அளவு சொன்னார்கள்?

பொன்னாங்கண்ணியைத் தாராளமாகச் சாப்பிடு. அதிலுள்ள பீட்டா கரோட்டின் உடம்பில் வைட்டமின் ஏ ஆகும், மாலைக்கண்ணைத் தடுக்கும். எண்ணெய் சேர்ந்தால்தான் அது ஒட்டும். உங்கள் வீட்டில் வெறும் தண்ணீரில் வேகவைப்பீர்களே, அதை விடுங்கள். அழுத்தம் மட்டும் கீரையால் குறையாது. திரிபலா எலிகளுக்குப் புரை வராமல் ஓரளவு காத்ததாக ஆய்வு உண்டு. நமக்கு விழுந்த புரைக்கு அறுவைதான்.

மருந்து விலை கட்டுப்படியாகாமல்தான் இந்த யோசனை என்றால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல். டிமோலால் என்ற சொட்டு மருந்து விலை குறைவு. ஆனால் உனக்கு ஆஸ்துமா இழுப்பு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல், இழுப்புக்காரர்களுக்கு அது ஆகாது. இந்த மாத அழுத்தம் எவ்வளவு என்று எழுது.

கல்யாணத் தேதி குறித்ததும் சொல். ரயிலில் இடம் பிடிக்க வேண்டும்.

அன்புடன்,
ராமு