பாலியின் துணிப் பஞ்சாங்கத்தில் பாதி எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பகுதியில் பாலித் தீவின் சோதிட ஓவியத் துணி பற்றிய குறிப்பைப் படித்தேன். படம் அழகு. ஆனால் அதன் கீழே 'பன்னிரு ராசிகளின் ஓவியம்' என்று போட்டிருந்ததைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பலெலிந்தாங்கான் எனப்படும் அந்தத் துணியில் இருப்பவை 35 கட்டங்கள். பாலி மக்களுக்கு நம்மைப் போலவே சோம, புத, சுக்ர என்று ஏழு நாள் வாரம் உண்டு. கூடவே உமானிஸ், பைங், போன், வகே, கிளிவோன் என ஐந்து நாள் வாரம் ஒன்றும் ஓடுகிறது. இரண்டும் மீண்டும் அதே ஜோடியாகச் சேர 35 நாள் ஆகும். ஒருவர் பிறந்த நாள் எந்த ஜோடியில் விழுகிறதோ அந்தக் கட்டமே அவருடைய நட்சத்திரம்; வண்டி, நண்டு, யானை, பாரம் ஏற்றிய கப்பல் என்று கட்டத்துக்கு ஓர் உருவம். வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, நாள் தெரிந்தால் போதும்.

ராசிக் குழப்பத்தைக்கூட மன்னித்துவிடலாம். படத்தை வெட்டியதுதான் உறுத்துகிறது. நடுக் கட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு மேல் வரிசைகளையும் கீழ் வரிசைகளையும் கத்தரித்துவிட்டீர்கள். ஒவ்வொரு கிழமைக்கும் உரிய தெய்வம், மரம், பறவை, பூதம் எல்லாம் இருப்பது அங்கேதான். பிறந்த நாள் சரியில்லை என்றால் 'பாயுஹ் ஓட்டோன்' என்று பரிகாரம் செய்யும் மக்கள் அவர்கள். பூதங்களுக்குப் படைக்காமல் அங்கே பெரிய சடங்கு எதுவும் நடப்பதில்லை. அந்தப் பூதங்கள் இருக்கும் வரிசையையே வெட்டினால் எப்படி? பரிகாரம் கேட்காமல் ஜாதகத்தை மூடிவைப்பவர் நம் ஊரிலும் உண்டா?

'பழங்கால வழக்கம்' என்றும் எழுதியிருந்தீர்கள். குழந்தை பிறந்து 105ஆம் நாள், அதாவது இந்த 35 நாள் கணக்கு மூன்று சுற்று முடிந்ததும், அதன் பாதத்தை முதன்முதலாக மண்ணில் படவைக்கும் சடங்கு இன்றும் நடக்கிறது. ஆறு சுற்று, அதாவது 210 நாள், முடிந்தால் அவர்கள் கணக்கில் முதல் பிறந்தநாள்.

கிளுங்குங் பகுதியின் காமசான் கிராமம்தான் இந்த ஓவியங்களின் தாய்வீடு. பருத்தித் துணியை அரிசி மாக்கூழில் தோய்த்து, வெயிலில் காயவைத்து, சோழியால் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கிய பிறகே கோடு விழும். அருகில் பழைய அரச நீதிமன்றமான கெர்த்தா கோசா மண்டபத்தின் விதானத்தில், எந்த மாதம் நிலம் நடுங்கினால் என்ன பலன் என்று சொல்லும் ஓவிய வரிசையும் இருக்கிறது. அடுத்த முறை அதையும் வெளியிடுங்கள். படம் மட்டும் முழுதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகி, திருச்சி