அந்த ரெண்டு பொண்ணுங்களையும் கொன்னுடாத பாப்பா

அன்புள்ள தங்கச்சிக்கு,

மாஃபியா குடும்பத்துல ரெண்டு பொண்ணுங்க காதலிக்கறதைப் பத்தி நீ எழுதிட்டு இருக்கற கதையில, அனுப்பின அத்தியாயங்கள் மொத்தத்தையும் ராத்திரி ஒரே மூச்சுல படிச்சேன். பதிலை வாட்ஸ்அப்ல போடாம இங்க எழுதறதுக்குக் காரணம், இந்த மாதிரி கதையை மனசுல வச்சுக்கிட்டு எழுதத் தயங்கற பொண்ணுங்க வேறயும் இருப்பாங்க, அவங்களும் படிக்கட்டும்னுதான்.

கல்யாண வீட்டு கிச்சன்ல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு பாத்திரம் கழுவற சீன் இருக்குல்ல, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. இவளோட முழங்கை வரைக்கும் ஏறின சோப்பு நுரையை அவ தன் ஏப்ரன்ல துடைச்சு விடறா, ஒரு வார்த்தை பேசல, வெளியில ஆம்பளைங்க அடுத்த தலைவர் யாருன்னு கத்திட்டு இருக்காங்க. அந்த ஒரு பக்கத்துல கதை முழுக்க இருக்கு.

ஆனா அதுக்கப்புறம் நீ ரெண்டு ட்ராக்கா பிரிச்சுட்ட. ஒரு அத்தியாயம் துப்பாக்கி, ஒரு அத்தியாயம் முத்தம், மறுபடி துப்பாக்கி. கதை நடக்கற இடம் இத்தாலியோட தெற்குக் கோடியில இருக்கற கலாப்ரியான்னு நீயே வச்சிருக்க, அங்க இது ரெண்டும் தனித்தனி கிடையாதுடி. அந்த ஊர் மாஃபியாவான என்ட்ராங்கெட்டா கட்டப்பட்டிருக்கறதே ரத்த உறவு மேலதான், ஒருத்தன் போலீஸ்கிட்ட வாயைத் திறந்தா அவன் காட்டிக்கொடுக்கறது பாஸை மட்டும் இல்ல, சொந்த அப்பனை, அண்ணனை, மாமனை, அதனாலதான் அங்க அப்ரூவர் ஆனவங்க ரொம்ப காலம் கம்மியாவே இருந்தாங்க. அப்போ ரெண்டு குடும்பத்தைச் சேர்க்கணும்னா, பகையை முடிக்கணும்னா என்ன வழி? பொண்ணைக் குடுக்கறதுதான். அந்த ஊர்ல ஒரு பொண்ணோட கல்யாணம்ங்கறது ரெண்டு கேங் போடற ஒப்பந்தம்.

இப்போ உன் ஹீரோயினைப் பாரு. பெரியவரோட பொண்ணு. அவ விரும்பறது எதிர் குடும்பத்துல வாழ்க்கைப்பட்டுப் போய் விதவையான இன்னொருத்தியை. இதுவே எதிர் குடும்பத்துப் பையனா இருந்தா, எவ்வளவு கோபம் வந்தாலும் கடைசில பெரியவங்க உட்கார்ந்து பேசி அதை லாபமா மாத்திக்க முடியும். ரெண்டு பொண்ணுங்க காதலிச்சா அந்தக் குடும்பத்துக்கு அதுல எந்த லாபமும் வராது, வாரிசும் கிடையாது, சம்பந்தியும் கிடையாது. அதனால அந்தக் காதல் அவங்க அதிகாரத்தோட அடி வேரையே அசைக்குது. எதிரி மேல சுட்ட தோட்டாவை விட இதுக்குத்தான் அந்தப் பெரியவர் பயப்படணும். அந்த பயத்தை எழுது.

எனக்குப் பொண்ணைத்தான் பிடிக்கும்னு எங்க வீட்ல தெரிஞ்ச வாரமே ஜாதகத்தைத் தூக்கிட்டுக் கிளம்பினாங்க, அதனால இதை நான் சும்மா தியரியா சொல்லல.

பகைன்னதும் நீ பெரிய டிரக் டீல் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்க, அவ்வளவு தேவையே இல்ல. அதே கலாப்ரியாவுல சான் லூக்காங்கற ஊர்ல 1991ல திருவிழா சமயத்துல பசங்க முட்டை எறிஞ்சதுல ரெண்டு பக்கத்துக் குடும்பங்களுக்கு நடுவுல ஆரம்பிச்ச சண்டை, 2006 கிறிஸ்மஸ் அன்னிக்கு ஒரு பொம்பளை சுடப்பட்டு, 2007 ஆகஸ்ட் 15ல ஜெர்மனியில டூயிஸ்பர்க்ல ஒரு இட்டாலியன் ரெஸ்டாரன்ட் வாசல்ல ஆறு பேர் செத்து விழற வரைக்கும் போச்சு. முட்டைக்கே பதினாறு வருஷம் மறக்காத ஊர்ல, தன் பொண்ணு யார் கையைப் பிடிச்சிருக்காங்கறதை எப்படி விடுவாங்க?

அங்க தப்பா காதலிச்ச பொண்ணுக்கு என்ன நடக்கும்ங்கறதுக்குக் கற்பனையும் வேண்டாம். கலாப்ரியாவுலயே ரொசார்னோங்கற ஊர்ல ஜியூசெப்பினா பெஷேன்னு மாஃபியா குடும்பத்துல ஒருத்தி, புருஷன் ஜெயில்ல இருக்கறப்ப வேற ஒருத்தரை விரும்பினா. அந்தக் குடும்பத்துச் சட்டப்படி அவளைக் கொல்ல வேண்டியது கூடப் பிறந்தவன். 2010ல கைதானா, பிள்ளைங்களை நினைச்சு வாயைத் திறந்தா, நடுவுல குடும்பம் குடுத்த நெருக்கடியில பின்வாங்கினா, மறுபடி வந்து பேசினா. அந்தத் தடுமாற்றம் இருக்கு பாரு, அது உன் கதையில இல்ல, உன் ஹீரோயின் முடிவெடுத்தா எடுத்ததுதான்னு நிக்கறா. அதே ஊர்ல மரியா கொன்செட்டா கச்சோலா 2011 மே மாசம் போலீஸ்கிட்ட போனா, மூணு பிள்ளைங்களை அம்மா வீட்ல விட்டுட்டு. அந்தப் பிள்ளைங்களைக் காட்டியே திரும்ப வரவச்சாங்க. ஆகஸ்ட்ல ஆசிட் உள்ள போய் செத்துப் போனா. அவளுக்கு வயசு 31. இவங்க ரெண்டு பேரும் விரும்பினது ஆம்பளையைத்தான், அதுக்கே இந்த நிலைமை. அமெரிக்கப் பக்கம் நியூ ஜெர்சியில டீகேவல்கான்டே மாஃபியா குடும்பத்தோட ஆக்டிங் பாஸ் ஜான் டமாட்டோவை, ஆம்பளைங்களோட உறவு வச்சிருந்தார்னு தெரிஞ்சு 1992ல சொந்த ஆளுங்களே கொன்னுட்டாங்க, தங்களுக்கு மரியாதை போயிடும்னு. சுட்டவனே பின்னாடி கோர்ட்ல அதைச் சொன்னான்.

அடுத்து, ரெண்டு பேரும் சந்திக்கற இடம். நைட் கிளப் வேண்டாம், ப்ளீஸ். அந்தக் குடும்பத்துப் பொண்ணுங்க தனியா கிளப்புக்குப் போக முடியாது. ஜெயில்ல மனு போட்டுப் பார்க்கப் போற க்யூவுல நிக்க வை. ஆம்பளைங்க உள்ள இருக்கறப்ப அவங்க உத்தரவை வெளியில கொண்டு வர்றதே பொம்பளைங்கதான், ஜியூசெப்பினா மேல இருந்த குற்றச்சாட்டுல அதுவும் ஒண்ணு. எதிரெதிர் குடும்பத்துப் பொண்ணுங்க ஒரே வெயில்ல ஒரே வரிசையில மணிக்கணக்கா நிக்கணும், கையில துவைச்ச துணிப் பை, தலைக்குள்ள மனப்பாடம் பண்ண தகவல். ரெண்டு பேருக்கும் தெரியும் ரெண்டு பேர் தலைக்குள்ளயும் என்ன இருக்குன்னு. இல்லேன்னா செப்டம்பர்ல அஸ்ப்ரோமொன்ட்டே மலைக்குள்ள போல்ஸி மாதா கோயில் திருவிழா. ஊர் ஊரா ஜனங்க ஏறி வருவாங்க, மேளமும் ஆட்டமுமா இருக்கும், அந்தக் கூட்டத்து மறைவுலயே தலைவர்களும் கூடிப் பேசி முடிவெடுத்ததைப் போலீஸ் வீடியோவே எடுத்திருக்கு. அப்பா ஒரு பக்கம் பதவியைப் பங்கு போட்டுட்டு இருக்கறப்ப பொண்ணு கூட்டத்துக்குள்ள அவளைத் தேடிட்டுப் போறா. உன் அதிகாரப் போட்டியும் காதலும் ஒரே இடத்துல வந்துடுச்சா?

இப்போ க்ளைமாக்ஸ். நீ அவுட்லைன்ல ரெண்டு பேரும் ஒருத்தி மடியில ஒருத்தி சாகறதா வச்சிருக்க. எனக்கு மனசு கேக்கல பாப்பா. பொண்ணைக் காதலிச்ச பொண்ணு கடைசில சாகறதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவங்க நாம. 1996ல வச்சோவ்ஸ்கிங்கற டைரக்டருங்க ரெண்டு பேர் எடுத்த பவுண்ட் (Bound) படத்துல மாஃபியாக்காரன் பணத்தை எடுத்துக்கிட்டு ரெண்டு பொண்ணுங்களும் உயிரோட வண்டி ஏறிப் போவாங்க, ஒருத்தியை ஆம்பளையா மாத்துனா பணம் தர்றோம்னு ஸ்டூடியோக்கள் சொன்னப்பவும் அவங்க மாத்தல. கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆச்சு, நாம ஏன் பின்னாடி போகணும்?

தப்பிக்க வழியும் நிஜத்துலயே இருக்கு. இத்தாலியில அப்ரூவர் பாதுகாப்புக்கு 1991லயே சட்டம் இருக்கு, சாட்சி சொல்றவங்களுக்கு மட்டும் இல்லாம கூடவே வாழ்றவங்களுக்கும், அந்த உறவால ஆபத்துல மாட்டினவங்களுக்கும் பாதுகாப்பைக் குடுக்க அதுல இடம் இருக்கு. அப்போ உன் ஹீரோயின் அரசு வக்கீல் முன்னாடி உட்கார்ந்து, இவ எனக்கு யாருன்னு முதல் தடவையா ஒரு வேத்து ஆள்கிட்ட வாய்விட்டுச் சொல்லியாகணும், அது டைப் ஆகி, கீழ கையெழுத்தும் போடணும். துப்பாக்கிச் சண்டையை விட அந்த ரூம்ல அவளுக்குக் கை நடுங்கும்.

அவ அம்மாவை மறந்துடாத. நாலாவது அத்தியாயத்துல கதவைத் திறந்து பார்த்துட்டு சத்தமில்லாம சாத்திட்டுப் போனாங்களே, அதுக்கப்புறம் ஆளையே காணோம். அந்த அம்மா பார்த்ததைப் பெரியவர்கிட்ட சொன்னாங்களா இல்லையா? அதை முதல்ல முடிவு பண்ணு, எழுதினதும் அனுப்பு, எந்நேரமானாலும் முழிச்சிருந்து படிக்கறேன்.

அக்கா