படத்தை ஓட்டிக் காட்டியவர்களுக்கு

ஞாயிறு மாலை, சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றிய அமெரிக்கப் படமான ‘சால்ட் ஆஃப் தி எர்த்’ திரையிடல் முடிந்து கலைந்த அவசரத்தில் யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் புரொஜெக்டர் ஓட்டிய தம்பிக்கு. நடுவில் சத்தம் நின்றபோது பதறாமல் சரிசெய்ததற்காக மட்டும் இல்லை. 1954-ல் இந்தப் படம் வந்தபோது, இதை ஓட்டக் கூடாது என்று அமெரிக்காவில் புரொஜெக்டர் ஆபரேட்டர்களுடைய சங்கமே தடுத்தது. இயக்குநர் ஹெர்பர்ட் பிபர்மேன் இடதுசாரிகள் என்று வேலை மறுக்கப்பட்டவர்களின் ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் இருந்தவர், நாயகி ரொசௌரா ரெவுவெல்தாஸைப் படப்பிடிப்பு முடிவதற்குள்ளேயே கைது செய்தார்கள். அப்படிப்பட்ட படத்துக்கு முன்வந்து ஸ்விட்ச் போட்ட கை உங்களுடையது, தம்பி.

தமிழில் சப்டைட்டில் எழுதிய மூவருக்கும் நன்றி. ‘குழாயில் தண்ணி வேணும்’ என்று பெண்கள் கேட்கிற இடத்தை மேடைத் தமிழாக்காமல் அப்படியே விட்டீர்களே, அதற்குத் தனியாக.

அப்புறம், படம் முடிந்ததும் எழுந்து பேசிய ஒப்பந்தத் தொழிலாளி அக்கா. ஒரே மெஷின், ஒரே ஷிஃப்ட், ஆனால் பக்கத்தில் நிற்கிற நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு சம்பளம், தனக்கு ஒரு சம்பளம் என்றார். படம் சொல்கிற நிஜக் கதையும் அதுதான்: அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் துத்தநாகச் சுரங்கத்தின் மெக்ஸிகோ வம்சாவளித் தொழிலாளர்கள் 1950 அக்டோபரில் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும் வெள்ளைத் தொழிலாளிக்குக் கிடைப்பது தங்களுக்கும் வேண்டும் என்றுதான். ஆண்கள் மறியல் செய்யக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்ததும், அவர்கள் வீட்டுப் பெண்கள் போய் நின்றார்கள், குழந்தைகளோடு சிறைக்கும் போனார்கள். போராட்டம் 15 மாதம் நீடித்தது. அந்தச் சுரங்கத் தொழிலாளர்களுடைய சங்கத்தின் தலைவர் ஹுவான் சாக்கோன்தான் படத்தின் நாயகன் என்று நான் முன்னுரையில் சொன்னபோது சும்மா கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அக்கா பேசிய பிறகு திரும்பி வந்து அதைப் பற்றியே கேட்டார்கள். அக்கா, உங்கள் இரண்டு நிமிடப் பேச்சு என் முன்னுரையைவிடப் பெரிது.

கடைசியாக, பின்னறையில் பதினோரு குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இரண்டு அண்ணன்களுக்கு. மறியலுக்குப் போன மனைவிக்குப் பதிலாக நாயகன் ராமோன் துணி காயப்போடுகிற காட்சியில் அரங்கமே கைதட்டியது, நீங்களோ அதைப் பார்க்காமல் உள்ளே குழந்தைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் வந்ததால்தான் அத்தனை தாய்மார்கள் கடைசிவரை உட்கார்ந்து படம் பார்த்தார்கள்.

வரும் ஞாயிறு உங்கள் இருவருக்காகவே இன்னொரு முறை ஓட்டுகிறோம். பின்னறையில் நான் இருக்கிறேன்.