வாசலில் நின்ற அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

ஊர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும், திரும்ப எழுதப் போவதில்லை. தாமிரபரணிக் கரையில் 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் என்றாலே போதும். ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்குப் புதுக்குடிக்காரர்கள் சோறாக்கிப் போட்ட அதே நாட்களில் நம் ஆலயத்தைத் தேடியும் ஆட்கள் வந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்ட உங்களுக்குச் சபைக் கமிட்டியின் நன்றி.

முதல் நன்றி, பெயர் போடவே கூடாது என்று சொல்லிவிட்ட பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காவுக்கு.

ஜெனரேட்டர் ஓடியதும் முதல் விளக்கைப் பீடத்துக்குப் போடாமல் வாசல் கேட்டுக்குப் போடச் சொன்னது அவர்தான். இருட்டாகக் கிடக்கும் வாசல், திறந்திருந்தாலும் பூட்டின மாதிரிதான் தெரியும். இரண்டு கதவையும் விரியத் திறந்து கயிற்றால் கட்டினார். குடையோடு ரோட்டுக்கே போய் நின்றார். நெற்றியில் திருநீறு இருக்கிறதே, உள்ளே விடுவார்களா, செருப்பை எங்கே கழற்றுவது என்ற தயக்கத்தில் வெளியிலேயே நனைகிறவர்கள் அதிகம். "செருப்போடயே வாங்கம்மா" என்ற ஒரு சொல்லில் அது தீர்ந்தது. முதலில் துண்டு, அடுத்து சுக்குக் காப்பி, அப்புறம் பாத்ரூம் எந்தப் பக்கம் என்ற விவரம். அதுவரை ஒரு கேள்வி கிடையாது. நாப்கின்களைப் பாத்ரூம் அலமாரிக்குள்ளேயே வைத்தார். மேஜையில் வைத்திருந்தால் ஆண்கள் முன்னால் யார் கேட்டு வாங்குவார்கள்?

நோட்டில் பெயர், எத்தனை பேர், சுகர், பிரஷர் மாத்திரை உண்டா, அவ்வளவுதான். "எந்த ஊரு, எந்தத் தெரு" என்று ஆரம்பித்த நம் ஆட்களை அங்கேயே நிறுத்தினார். நம் பக்கத்தில் தெருவை விசாரித்தால் எதை விசாரிக்கிறோம் என்று இரண்டு பேருக்குமே தெரியும். நிவாரணப் பட்டியலுக்கு முகவரி வேண்டும்தான். அதை மறுநாள் காலை, ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து எழுதிக்கொண்டார்.

ஜெபம் 7 மணிக்கு, விருப்பமுள்ளவர்கள் வரலாம், சாப்பாடு அதற்கு முன்பே என்று சொல்லச் சொன்னதும் அவரே. ஜெபம் முடிந்துதான் பந்தி என்றிருந்தால், சோற்றைக் காட்டி முழங்காலிட வைத்தது போல ஆகியிருக்கும்.

அசன (சபை விருந்து) அண்டாக்களை இறக்கி உப்புமா கிண்டிய வாலிபர் சங்கம் (100 பேருக்கு 8 கிலோ ரவை, குறித்து வைத்தாயிற்று), வள்ளத்தோடு வந்த கடற்கரை அண்ணன்மார், பாய் கொடுத்தனுப்பிய பள்ளிவாசல் ஜமாஅத், காசு வாங்காத டீக்கடைக்காரர் எல்லோருக்கும் கைகூப்புகிறோம்.

யாக்கோபு நிருபம் 2ஆம் அதிகாரத்தில் பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடம் கொடுப்பதைக் கடிந்து எழுதியிருக்கிறது. அதை வாசித்துவிட்டு, இது எங்கள் குடும்ப பெஞ்சு என்று உட்காருகிறவர்கள் நாம். வருகிற ஞாயிறு முதல் கடைசி மூன்று வரிசை நமக்கில்லை. புதிதாக வருகிறவர் பின்னால்தான் இடம் தேடுவார். அங்கே நாம் நிறைந்திருந்தால் அத்தனை பேர் பார்க்க அவர் முன்னால் நடக்க வேண்டும், அதற்குப் பேசாமல் திரும்பிப் போய்விடுவார். ஆராதனை தொடங்கி 20 நிமிடம் வரை வாசலில் இருவர் நிற்பார்கள். புதியவரை எழுப்பிவிட்டு மைக்கில் பெயர் கேட்கும் வழக்கம் நிற்கிறது. ஆசீர்வாதம் முடிந்து பத்து நிமிடம் வரவு செலவுப் பேச்சு வேண்டாம், அந்த நேரத்தில் தெரியாத முகத்திடம் போய்ப் பேசுங்கள்.

துவைத்த போர்வைகள் ஆலய வராந்தாவில் இருக்கின்றன. எது யாருடையது என்று தெரியவில்லை. ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.